தங்கச்சி என்று சொன்னால் போதும்

ஜனவரி 11, ஞாயிறு

கோயில் மண்டபத்துக்கு வரச்சொல்லித் தகவல் வந்தது. பொங்கல் வருகிறதே, மரக்கறி நறுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் கத்தியும் பலகையும் கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் முன்வரிசையில் ஒரு கன்னியாஸ்திரி. பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு சோமாலியப் பெண். எங்கள் ஐயர் இரண்டு பேருக்கும் தன் கையாலேயே தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டரின் பெயர் பிலோமினா, எங்கள் ஊர்ப்பக்கம், குருநகர்க்காரி. மற்றவர் ஹோடன், பள்ளிவாசலில் இருந்து வந்திருந்தார். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றும் சேர்ந்து நகரசபையிடம் ஒரு நிதி கேட்கப் போகின்றன. உழைக்கிற சனம் கொடுக்கக்கூடிய வாடகையில், நாங்கள் இருக்கிற ஸ்காபரோவில் வீடுகள் கட்டுவதற்கான நிதி.

"புள்ளிவிபரம் நகரசபையிட்ட நிறைய இருக்கு," என்றார் சிஸ்டர். "எங்களுக்கு வேண்டியது சாட்சி. ஒவ்வொரு வழிபாட்டுத் தலத்தில இருந்தும் ஒரு ஆள் வந்து, நான் இப்பிடித்தான் இருக்கிறன் எண்டு தன்ர வாயால சொல்லவேணும்."

எங்கள் ஆட்கள் நீரிழிவு இருக்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லுவார்கள். வாடகைக்குக் கஷ்டம் என்று பக்கத்திலிருப்பவனுக்கும் சொல்ல மாட்டார்கள். எல்லாரும் தங்கள் காலுறையைப் பார்த்துக்கொண்டிருக்க, செயலாளர் பரராசசிங்கம் அண்ணை எழும்பினார்.

"எங்கட கோயில் சார்பில ஜெயகௌரி கதைப்பா. நல்ல இங்கிலீஷ்."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையில் கத்தியோடு எழும்பி நின்று சபைக்குக் கும்பிட்டேன்.

மறுக்க முடியாது. நானும் மகள் ஆரணியும் இருப்பது அவர் வீட்டு பேஸ்மென்டில்.

ஜனவரி 13, செவ்வாய்

சிஸ்டர் சொன்னபடி, இருக்கிற வீட்டைப் பற்றி எழுதிப் பார்க்கிறேன்.

ஒரு அறை, ஒரு மூலையில் அடுப்பு, குளியலறை. நிலத்தோடு ஒட்டி ஒரு சின்ன யன்னல். டிசம்பரில் பனி மூடினால் சித்திரையில்தான் வெளிச்சம். சுவர் ஈரம். ஆரணி பன்னிரண்டாம் வகுப்பு. படிக்கிற சத்தத்தைவிட இருமுகிற சத்தம்தான் கூட.

வெளியே போவதற்கு ஒரு பக்கக் கதவு இருந்தது. கோயில் அன்னதானத்துக்குப் பெரிய அண்டாக்கள் வாங்கியபோது வைக்க இடமில்லை என்று, அண்ணை அந்த நடையில் தட்டு அடித்து அண்டாவும் அரிசி மூட்டையும் அடுக்கிவிட்டார். அதன் பிறகு நாங்கள் படியேறி, அண்ணையின் மனைவி தேவகி அக்கா சமைக்கிற குசினியைக் கடந்து, முன்கதவால்தான் போகவேண்டும். குசினிச் சுவரில் சாமிப் படங்கள் வைத்த சாமித் தட்டு. மாதத்தில் அந்த மூன்று நாளும் அதன் திரையை இழுத்துவிட்டுத்தான் கடக்கவேண்டும். அக்காவுக்கு என்னுடைய தேதிகள் என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆனால் என் புருஷன் நாதன் செத்த கிழமையில், இரண்டு சூட்கேசோடு நின்ற எங்களை வா என்று கூப்பிட்டதும் இந்த வீடுதான். அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜனவரி 19, திங்கள்

கொடுங்குளிர். பஸ் வரவில்லை. வேலைக்கு, பாண் சுடுகிற பக்டறிக்கு, நடந்தே போனேன்.

ஜனவரி 22, வியாழன்

எழுதியதை அண்ணை வாசித்தார். சிவப்புப் பேனாவோடுதான் வந்திருந்தார்.

"எல்லாம் திறம். ஆனா பேஸ்மென்ட் எண்டது வேண்டாம். பழைய அப்பார்ட்மென்ட் எண்டு போடும். குசினிக்கால போறதும் வேண்டாம்."

"அது பொய்யெல்லோ அண்ணை?"

"என்ன பொய்? அப்பார்ட்மென்டில இருக்கிற எத்தினை சனத்துக்கு இதே கஷ்டம். நீர் அவைக்காகவும் கதைக்கிறீர் எண்டு நினையும்."

மனிதர் உண்மையாகவே பாடுபடுகிறார். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குகிறார். பள்ளிவாசலுக்குப் போய்ச் சம்மணமிட்டு இருந்து பேரீச்சம்பழம் சாப்பிட்டுவிட்டு வந்தார். இவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் தன் வீட்டு நிலத்துக்குக் கீழேயும் வாடகைக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்பது மட்டும் அவர் கணக்கில் வருவதில்லை.

சிவப்பு மையை அப்படியே பார்த்து எழுதிக் கொடுத்தேன்.

ஜனவரி 27, செவ்வாய்

விடிய ஊரில் இருந்து அழைப்பு. கைதடியில் பெரியத்தான் காலமாகிவிட்டார். நாதனுடைய மூத்த தமையன். நாதன் வெளிநாடு வர, கேட்காமலே தன் தோட்டக்காணியை விற்றுக் கொடுத்தவர். நான் விமானம் ஏறின அன்று என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தவர்.

சூட்டுக்காற்று வருகிற குழாய் வழியே மேலே கதைப்பது எங்களுக்கும் இங்கே கதைப்பது அவர்களுக்கும் கேட்கும். உடுப்புத் தோய்க்கிற மெஷினை வெறுமனே ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதேன். ஆரணி முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

புருஷன் வழி. சாவுத் தீட்டு, முப்பத்தொரு நாள் துடக்கு எங்களுக்கு. கோயிலுக்குப் போகக்கூடாது, சாமி இருக்கிற இடத்தைக் கடக்கக்கூடாது. அக்காவோ சிவராத்திரிக்கு விரதம் தொடங்கிவிட்டா.

வேலைக்குப் போகும்போது வாசலில் ஸ்னோ வழித்துக்கொண்டிருந்த அண்ணையிடம் சொன்னேன். அவர் பனி அள்ளுகிற சவளை நிலத்தில் ஊன்றினார்.

"நல்ல மனுசன் எண்டு நாதன் சொல்லுறவன்," என்றார். பிறகு, "கௌரி, நகரசபைக் கூட்டம் ஐந்தாம் திகதி. துடக்குக்காரியைக் கோயில் சார்பில அனுப்பினது எண்டு நிர்வாகத்தில ஆராவது கிளப்பினால் எல்லாம் குழம்பும். நீர் எனக்குச் சொல்லவும் இல்லை, நான் கேக்கவும் இல்லை."

"அக்காவுக்கு?"

"அவவுக்கு இப்ப ஏன்."

ஒரு சொட்டுத் தீட்டுப் பட்டாலும் தலை முழுகுகிற மனிதர். நகரசபைக்காகத் துடக்கையே தள்ளிவைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பிறகு அந்தக் குசினியைக் கடந்தபோது கால் கூசியது. நம்பிக்கை இல்லை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

ஜனவரி 31, சனி

தேவாலய மண்டபத்தில் ஒத்திகை. ஹோடன் ஐந்து பிள்ளைகளோடு இரண்டு அறையில் இருப்பதைச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் அப்பார்ட்மென்ட் கதையைச் சொன்னேன். அதற்கும் தட்டினார்கள். சிஸ்டர் மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, கௌரி," என்றார்.

பெப்ரவரி 5, வியாழன்

நகரசபை. பெரிய வட்ட மண்டபம், முன்னால் ஒலிவாங்கி, அதில் சிவப்பு விளக்கு. ஆளுக்கு மூன்று நிமிடம். பதியும்போதே பெயரும் விலாசமும் கொடுத்தாயிற்று. அண்ணை வேட்டிக்கு மேல் குளிர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கோயில் ஆட்களோடு பின்னால் இருந்தார்.

பாடமாக்கியதைச் சொல்லி முடித்தேன். உட்காரப் போகிற நேரம், கண்ணாடி போட்ட ஒரு உறுப்பினர் கை உயர்த்தினார். இந்த நிதிக்கு எதிரான ஆள் அவர் என்று சிஸ்டர் முதலே சொல்லியிருந்தார்.

"உங்கள் அப்பார்ட்மென்ட் எத்தனையாம் மாடி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இதற்கு நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை.

எத்தனையாவது என்று சொல்லியிருக்கலாம். மூன்று, ஏழு, வாயில் வந்த ஏதாவது. ஆனால் என் வாயில் வந்தது, "கீழே."

"கீழே என்றால்?"

"நிலத்துக்குக் கீழே. வெளியே போக வேறு வாசல் இல்லை. இன்னொருவரின் குசினியால் போகவேண்டும். நெருப்புப் பிடித்தால் என் மகளை எதற்குள்ளால் தள்ளிவிடுவது என்று நான் யோசிக்காத நாள் இல்லை."

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. நான் யோசிப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மண்டபம் எழும்பிக் கைதட்டியது. ஹோடன் என்னைக் கட்டிப்பிடித்தார். கண்ணாடிக்காரர் மட்டும் அசையவில்லை. "முதலில் அப்பார்ட்மென்ட் என்றார், இப்போது நிலத்துக்குக் கீழே என்கிறார். பதினேழாம் திகதி வாக்கெடுப்புக்கு முன் அதிகாரிகள் போய் இது உண்மையா என்று பார்க்கட்டும்," என்றார்.

திரும்பி வரும்போது காருக்குள் அண்ணை இடையில் ஒருமுறை, "ஹீற்றர் காணுமோ?" என்று கேட்டார். சூடு போதும் என்றேன்.

பெப்ரவரி 10, செவ்வாய்

பெரியத்தான் செத்தது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கைதடியில் அவவின் ஒன்றுவிட்ட தங்கச்சி இருக்கிறா. அந்தத் தொலைபேசி இவ்வளவு நாள் பிந்தியதே பெரிய விஷயம்.

வேலைக்குப் போகப் படியேறினேன். அக்கா குசினிக்கு நடுவில் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு நின்றா.

"துடக்கோட என்ர சாமித் தட்டைக் கடந்து போய் வந்திருக்கிறீர். ரெண்டு கிழமை. நான் விரதகாரி எண்டு தெரிஞ்சும்."

"எனக்கு வேற வழி இல்லையே அக்கா."

"சொல்லியிருக்கலாமே."

அண்ணை அவவுக்குப் பின்னால் நின்று தரையில் பதித்த கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சொன்னேன் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த வீட்டில் சிவராத்திரி அன்றைக்கே நடந்திருக்கும்.

"அண்ணையின்ர குடும்பம் எண்டுதானே அக்கா இருக்கிறம்," என்று மட்டும் சொன்னேன்.

"அது வாய்ப்பேச்சு. உங்கட துடக்கு எங்களுக்கு இல்லை. நாங்கள் வேற ஆக்கள்," என்றா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னா.

கடைசியில் அண்ணை தீர்ப்புச் சொன்னார். சனிக்கிழமை அண்டாக்களை எடுத்து, வெளியே உறைந்து கிடக்கிற பனியை வெட்டி, பக்கக் கதவைத் திறந்து தருவார். அதுவரை நாங்கள் இரண்டு பேரும் கீழே இருக்கவேண்டும்.

"ஆரணிக்கு வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில சோதனை."

"சுகமில்லை எண்டு சொல்லுங்கோ. நாலு நாள்தானே."

படிக்கு மேலே கதவு சாத்தப்பட்டது. பூட்டவில்லை. பூட்டியிருந்தால் தட்டியாவது இருப்பேன்.

பெப்ரவரி 11, புதன்

பக்டறிக்குச் சுகமில்லை என்று அறிவித்தேன். மேற்பார்வையாளர் மூச்சை இழுத்து விட்ட சத்தம் நன்றாகவே கேட்டது.

அக்கா மேல்படியில் சாப்பாடு வைத்து, தட்டிவிட்டுப் போகிறா. இடியப்பமும் சொதியும். சொதி நல்ல ருசி. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

பெப்ரவரி 12, வியாழன்

இதை எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

பத்து மணி இருக்கும், மேலே அழைப்பு மணி. அண்ணை வெளியே போயிருந்தார். குழாய் வழியே ஒரு ஆணின் குரல்: நகரசபையில் இருந்து வந்திருக்கிறேன், பேஸ்மென்டில் யாராவது வசிக்கிறார்களா?

"ஒருத்தரும் இல்லை," என்றா அக்கா, உடைந்த ஆங்கிலத்தில். "கோயில் சாமான். பெரிய பெரிய பானை."

அந்த நேரம் பார்த்து ஆரணிக்கு இருமல் கிளம்பியது.

நான் அவள் வாயைப் பொத்தினேன்.

இலேசாக இல்லை. ஒரு கையால் பிடரியைப் பிடித்து, மற்றக் கையால் வாயையும் மூக்கையும் சேர்த்து அமத்தினேன். மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளை அவள். நெஞ்சு உள்ளே துள்ளியது, கண்ணில் தண்ணீர் ஓடியது. நான் எடுக்கவில்லை. மேலே அந்த மனிதர், வீட்டுக்காரர் இருக்கும்போது நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், முன்கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை எடுக்கவில்லை.

கையை எடுத்ததும் அவள் சுவரோடு போய் இருந்து இருமித் தீர்த்தாள். பிறகு கேட்டாள்:

"என்னை நெருப்பில இருந்து காப்பாத்துறன் எண்டு அங்க சொன்னது ஆர் அம்மா?"

தண்ணீர் எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

மத்தியானம் சிஸ்டர் அழைத்தார். கண்ணாடிக்காரர், சாட்சி பொய் என்று உறுப்பினர்களிடம் சொல்லித் திரிகிறாராம். இரண்டு மூன்று பேர் தளம்புகிறார்களாம். "நான் உங்களை வற்புறுத்த மாட்டன் கௌரி. இருக்கிற கூரை உங்கட கூரை," என்றார். வற்புறுத்தியிருந்தால் அவரோடு சண்டை பிடித்திருக்கலாம்.

பின்னேரம் அண்ணை மேல்படியில் வந்து குந்தினார். கீழே இறங்கவில்லை, துடக்கு.

"தனி வழி இல்லாத இடத்தை வாடகைக்கு விட்டது எண்டு தெரிஞ்சால் மூடிப்போடுவாங்கள். நீங்கள் எங்க போவியள்? உம்மட வாடகை இல்லாட்டி எங்கட வீட்டுக் கடன் மோட்கேஜ் கட்டுறதும் நிக்கும். நாங்களும் தெருவிலதான்." குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு வரட்டும். நீர் என்ர கூடப்பிறந்த தங்கச்சி எண்டு சொன்னாக் காணும். குடும்ப ஆக்கள் கீழ படுக்கினம், வாடகை இல்லை. கேள்வி முடிஞ்சுது."

"அப்ப நகரசபையில நான் சொன்னது?"

"இங்கிலீஷ் தடுமாறிப்போச்சு எண்டு சொல்லும்."

"அக்கா ஒத்துக்கொள்ளுவாவோ?"

"அவதான் இந்த யோசனையே சொன்னவ."

செவ்வாய்க்கிழமை வேறு ஆட்கள். வெள்ளிக்கிழமை கூடப்பிறந்த தங்கச்சி. சிரிப்போமா என்று ஆரணியைப் பார்த்தேன். அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

பெப்ரவரி 13, வெள்ளி

அக்காவே வந்து கதவைத் திறந்தா. சாமித் தட்டுக்குத் திரை போட்டு, பாதையில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தா. "வாரும் கௌரி," என்று என் கையைப் பிடித்தா. நான் குளித்திருக்கிறேனா என்றுகூடக் கேட்கவில்லை. பயந்து போயிருந்தா. அவவின் உள்ளங்கை வேர்வையை உணர்ந்தபோது எனக்கு அவமீதிருந்த கோபம் முழுதும் போய்விட்டது. அவ கோபத்தோடு வந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அதிகாரி தலைப்பாகை கட்டிய சீக்கிய இளைஞர். சொல்லாமலே காலில் போட்டிருந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தார். அண்ணை அவருக்குக் கதிரை இழுத்துப் போட்டார்.

"இது என் தங்கச்சி. புருஷன் இல்லை. மகளோடு எங்களுடன் இருக்கிறா. குடும்பம்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். நடிப்பில்லை. ஏதோ ஒரு விதத்தில் அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இவர் உங்கள் அண்ணனா?"

ஓம் என்பது ஒரு சொல். அந்தச் சொல்லுக்குள் கூரை இருந்தது, சொதி இருந்தது, நாதன் செத்த கிழமையில் திறந்த கதவு இருந்தது. அண்ணையைப் பார்த்தேன். ஆரணி பின்னால் படிவாசலில் நின்றாள். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையிருக்கவில்லை. என் கை இன்னும் அவள் முகத்தில் இருப்பது போலவே இருந்தது.

"இல்லை," என்றேன். "அண்ணை என்று கூப்பிடுகிறேன். நான் இவருடைய வாடகைக்காரி. என் ஆங்கிலம் தடுமாறவில்லை. வாருங்கள், காட்டுகிறேன்."

முன்னால் நானே இறங்கினேன்.

பெப்ரவரி 14, சனி

அண்ணை சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். காலையில் இருந்து வெளியே பனி வெட்டுகிற சத்தம். பிறகு உள்ளே வந்து ஒவ்வொரு அண்டாவாகத் தூக்கினார். தனி ஆளாக. உதவிக்கு ஆரணி போனாள்; வேண்டாம் என்று தலையாட்டினார்.

மத்தியானம் பக்கக் கதவு வெளியே இருந்து தட்டப்பட்டது. இந்த வீட்டில் வெளியே இருந்து வந்து என் கதவை யாரும் தட்டியது இல்லை. திறந்தேன். குளிர்காற்று உள்ளே அடித்தது. அண்ணை மீசையெல்லாம் பனியோடு நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மிஸிஸ் கருணைநாதன்," என்றார்.

நாதனின் முழுப்பெயர். தபால்காரன்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"ஏப்ரல் முடிய முதல் இடத்தைக் காலி பண்ணவேணும் எண்டு நகரசபையில இருந்து எழுதித் தந்திருக்கினம். உங்களுக்கு ஒரு பிரதி தரச் சொன்னவை."

"நீர்" என்கிற மனிதர் "உங்களுக்கு" என்றார். நிதி கிடைத்தாலும் கட்டிடம் எழும்ப வருடங்கள் ஆகும் என்று சிஸ்டர் முதலே சொல்லியிருக்கிறார். ஏப்ரலுக்குப் பிறகு எங்கே என்று எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது. நேற்று அந்தப் படியில் இறங்கும்போது பயம் இருக்கவில்லை, இன்றைக்கு இருக்கிறது.

அவர் தாளை நீட்டியபடி நின்றார். விரல்கள் குளிரில் சிவந்திருந்தன. ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தேன்.

"உள்ள வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ, அண்ணை," என்றேன்.

தாளை என் கையில் வைத்துவிட்டு, அவர் வந்த வழியே வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்கதவுக்குப் போனார்.